இளையோர்க்கு வரலாற்று நூல்களைத் தெரிதல்: யூதர் பற்றிய நூல்களை முன்வைத்து

‘யூதர்’ என்னும் சொல்லை நம் மாணவர் ஒருவர் முதன்முதலில் எங்கே எதிர்கொள்கின்றார்? பெரும்பாலும் நான்கு வாயில்களுள் ஒன்றில். கிறித்தவ, இஸ்லாமிய இல்லத்துப் பிள்ளையானால் மறைநூல் வழியே. நாடகம் பயில்பவரானால் ஷேக்ஸ்பியர் படைத்த வட்டித்தொழிலர் ஷைலக் வழியே. செய்தி பார்ப்பவரானால் மேற்காசியப் போர் வழியே. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு பயில்பவரானால் ஹிட்லரின் ஜெர்மனி பற்றிய பாடத்தின் வழியே. இந்நான்கிலும் யூதர் என்போர் பண்டைக் குலத்தவராகவோ, ஈவிரக்கமற்றவராகவோ, போரிடுவோராகவோ, கொலையுண்டோராகவோ தோன்றுகின்றனரே அன்றி, வெள்ளிக்கிழமை மாலை வீட்டைக் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றும் குடும்பமாகத் தோன்றுவதில்லை. பாடநூல் இக்குறையை நீக்க முடியாது, அதற்கு இடமில்லை. வகுப்புக்கு வெளியே பிள்ளை படிக்கும் நூல்களே இதனை நிறைவு செய்ய வல்லன. ஆகவே, அந்நூல்களை எவ்வாறு தெரிவது என்பது வரலாற்றாசிரியருக்கு மட்டுமன்றி மொழியாசிரியருக்கும் உரிய வினாவாகின்றது.

வரலாறாயினும் வாழ்க்கை வரலாறாயினும், இளையோர்க்கென ஒரு நூலைக் கையிலெடுக்கும்போது இரண்டு வினாக்களை எழுப்பலாம் என்பது என் கருத்து. இதனை எழுதியவர் இதனை எவ்வாறு அறிந்தார்? இந்நூலில் இம்மக்கள் வாழ்கின்றனரா, அன்றி மடிய மட்டுமே வருகின்றனரா? முதல் வினா எல்லா வரலாற்று நூல்களுக்கும் பொது. இரண்டாவது, பேரழிவுக்கு உள்ளான எந்த மக்களைப் பற்றிய நூலுக்கும் உரியது; யூதர் பற்றிய நூல்களில் அது மிகக் கூர்மையாக எழுகின்றது.

முதல் வினாவுக்குத் தமிழே ஓர் அரிய கருவியைத் தந்துள்ளது. ‘மழை பெய்தது’ என்பதற்கும் ‘மழை பெய்ததாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளி செல்லாத பிள்ளையும் அறியும். முன்னது கண்டவர் கூற்று; பின்னது கேட்டவர் கூற்று. துருக்கி மொழியில் வினையோடு சேரும் ஓர் ஒட்டு ஏறத்தாழ இதே பணியைச் செய்கின்றது. ஆங்கிலத்தில் இதற்கெனத் தனி ஒட்டு இல்லை. நம் இலக்கண ஆசிரியர்களும் தாமே கண்டதுபோல் யாவற்றையும் கூறிச் செல்லாமல், முன்னோர் கூற்றை ‘என்ப’, ‘என்மனார்’ என்று அவர்க்கே உரித்தாக்கினர். இந்த ‘ஆம்’ எங்கே இருக்கவேண்டுமோ அங்கே இருக்கின்றதா என்று பார்ப்பதே நான் கூறும் முதற் சோதனை. இளையோர் நூல்களில் முதலில் உதிர்வது இந்த ‘ஆம்’தான். பிள்ளைகள் குழம்புவர், கதையின் ஓட்டம் கெடும் என்று எண்ணி எழுத்தாளர் அதனை நீக்கிவிடுகின்றனர். நான்கு சாட்சிகள் நால்வகையாகக் கூறிய ஒரு நிகழ்ச்சி, எழுதியவர் அருகே நின்று பார்த்ததுபோல் ஒரே காட்சியாகிவிடுகின்றது.

டென்மார்க்கைப் பற்றி உலகெங்கும் வழங்கும் ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். யூதர் அனைவரும் மஞ்சள் விண்மீன் சின்னம் அணியவேண்டும் என்று ஜெர்மானியர் ஆணையிட்டபோது, மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் தாமே அதனை அணிந்து குதிரையில் வெளிவந்தாராம். உருக்கமான கதை, உண்மையன்று. டென்மார்க்கில் யூதர் மீது அவ்வாணை ஒருபோதும் நடைமுறைக்கு வரவில்லை. மன்னர் காவலரின்றித் தலைநகர் வீதிகளில் குதிரையில் சென்றது உண்மை. 1943 அக்டோபரில் மீனவர்களும் பொதுமக்களும் ஏறத்தாழ 7,200 யூதர்களைப் படகேற்றிக் கடல் கடந்து சுவீடனுக்கு அனுப்பிக் காத்ததும் உண்மை. நடந்தது இத்துணைப் பெரிதாயிருக்க, நடவாதது எதற்கு? லூயிஸ் லோரி 1989இல் எழுதிய ‘நம்பர் த ஸ்டார்ஸ்’ என்னும் புதினம் இந்தத் தப்புவிப்பையே கதைக்களமாகக் கொண்டது. கதைத் தலைவியாகிய பத்து வயதுச் சிறுமி கற்பனைப் பாத்திரம். ஆயினும் நூலின் இறுதியில் ஆசிரியர் ஒரு பின்னுரை சேர்த்து, எது நடந்தது, எது தம் புனைவு என்று பிரித்துக் காட்டுகின்றார். மோப்ப நாய்களின் மூக்கை மரக்கச் செய்ய மருந்து தோய்த்த கைக்குட்டை பயன்பட்டது என்ற செய்தி, துப்பறியும் கதைபோல் தோன்றினும் உண்மையே என்று அங்கு நாம் அறிகின்றோம். புனைகதையாயினும் அதற்குரிய ‘ஆம்’ பின்னுரையில் இருக்கின்றது. வரலாற்றுப் புதினம் ஒன்றை வாங்குமுன் முதலில் பின்பக்கங்களைப் புரட்டுங்கள் என்று நூலகப் பொறுப்பேற்ற ஆசிரியர்களுக்கு நான் சொல்வதுண்டு.

இதற்கு நேர்மாறான ஒன்று, ஜான் பாய்ன் 2006இல் எழுதிய ‘த பாய் இன் த ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்’. நம் பள்ளிப் பிள்ளைகளும் நன்கறிந்த நூல்; திரைப்படமாகவும் வந்தது. முகாம் தலைவரின் ஒன்பது வயது மகன், கம்பிவேலிக்கு அப்பால் உள்ள யூதச் சிறுவனோடு பல மாதங்கள் அமர்ந்து உரையாடி நட்புக் கொள்கின்றான். ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட சிறுவரில் மிகப் பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டனர். வேலியில் மின்சாரம் பாய்ந்தது. ஹிட்லரின் ஆட்சியில் வளர்ந்த ஒன்பது வயது ஜெர்மானியச் சிறுவனுக்குப் பள்ளியே யூத வெறுப்பை ஊட்டியிருந்தது. மொழியியலார் கண்ணுக்கு இன்னுமொரு விரிசலும் தெரியும். பெர்லினில் பிறந்த அச்சிறுவன் ‘ஃபியூரர்’ என்பதை ‘ஃபியூரி’ என்றும், ‘ஆஷ்விட்ஸ்’ என்பதை ‘அவுட் வித்’ என்றும் ஒலிக்கின்றான். இவை ஆங்கிலக் குழந்தைக்கு வரக்கூடிய பிழைகள். ஜெர்மன் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவன் நாவில் வாரா. ஆசிரியர் இதனை ஒரு நீதிக்கதை என்றே அறிமுகம் செய்தார். ஆனால் வகுப்பறையில் அது வரலாறாகப் படிக்கப்பட்டது. இப்பகுதி வரலாற்றைக் கற்போரும் கற்பிப்போரும் இந்நூலைத் தவிர்த்தல் நலம் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020 சனவரியில் வெளிப்படையாகக் கூறிற்று. நூலகத்திலிருந்து அகற்றவேண்டும் என்பதன்று என் வாதம். அதனைத் தனியே கொடுக்கலாகாது. இரக்கம் முழுவதும் முகாம் தலைவரின் மகன்பாலே சென்று சேருமாறு அமைந்த கதை அது என்பதை, படித்து முடித்த பிள்ளையோடு அமர்ந்து பேசவேண்டும்.

புனைவு தன்னை வரலாறு என்று பொய்யாகக் கூறிக்கொண்ட நிகழ்ச்சியும் உண்டு. மிஷா டிஃபோன்செகா என்னும் பெயரில் ஒருவர் 1997இல் தம் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். யூதச் சிறுமியாகிய தாம், நாடு கடத்தப்பட்ட பெற்றோரைத் தேடி ஓநாய்களின் துணையோடு ஐரோப்பாவைக் கால்நடையாகக் கடந்ததாக அதில் எழுதினார். பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது, படமும் ஆயிற்று. அக்காலத்தில் அவர் பெல்ஜியத்தில் பள்ளியில் சேர்க்கப்பட்டிருந்ததை ஆவணங்கள் காட்டவே, யாவும் புனைவு என்றும் தாம் யூதர் அல்லர் என்றும் 2008இல் ஒப்புக்கொண்டார். இதனால் விளைந்த தீங்கு ஒரு நூலோடு நில்லாது. நடந்த கொலைகளையே மறுப்போர்க்கு இத்தகைய பொய்கள் நல்ல தீனி. ஆகவே மெய்ம்மையைச் சோதிப்பது இறந்தோரை ஐயுறுவது ஆகாது. அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை அது.

வாழ்க்கை வரலாற்றில் இச்சோதனை இன்னும் நுட்பமாகின்றது. போலந்து நாட்டு மருத்துவர் யானுஷ் கோர்சாக்கை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். ஹென்ரிக் கோல்டுஷ்மிட் என்பது இயற்பெயர். 1912 முதல் வார்சாவில் யூத அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். அங்கே பிள்ளைகளே நடுவராய் அமரும் வழக்குமன்றம் இருந்தது. பெரியவர்மீதும் அதில் வழக்குத் தொடுக்கலாம், கோர்சாக்மீதும் தொடுத்தனர். பிள்ளைகளே எழுதும் செய்தித்தாள் ஒன்றையும் 1926இல் தொடங்கினார். ஜெர்மானியர் வார்சா யூதர்களை மதிலுக்குள் அடைத்த பின்னரும் இல்லம் தொடர்ந்தது. 1942 சூலை 18ஆம் நாள் அவ்வில்லத்துப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தனர். அது இரவீந்திரநாத் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’. வீட்டை விட்டு வெளியேற இயலாத நோயுற்ற சிறுவன் ஒருவன், அரசனிடமிருந்து வரும் கடிதத்துக்காகச் சன்னலருகே காத்திருக்கும் கதை. ஏன் இந்நாடகம் என்று வினவியபோது, பிள்ளைகள் சாவை அமைதியாக ஏற்கப் பழகவேண்டும் என்று அவர் விடையிறுத்தாராம். மூன்று வாரம் கழியுமுன், ஆகஸ்ட் தொடக்கத்தில், ஏறத்தாழ 200 பிள்ளைகளோடும் உடன் பணியாற்றியோரோடும் டிரெப்ளிங்கா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அனைவரும் கொல்லப்பட்டனர். தப்பிச் செல்ல வாய்ப்பிருந்தும் பிள்ளைகளை விட்டு அவர் பிரியவில்லை என்பதில் ஐயமில்லை. ஆனால் இரயில் நிலையத்துக்கு அவர்கள் நடந்து சென்ற காட்சியைக் கண்டோர் கூறுவன ஒன்றோடொன்று ஒவ்வா. கொடி பிடித்துச் சென்றனர் என்பார் சிலர். பாடிச் சென்றனர் என்பார் சிலர். ஓசையின்றிச் சென்றனர் என்பாரும் உளர். நல்ல வாழ்க்கை வரலாறு இவ்வேறுபாட்டை மறையாது கூறும். கொடியும் பாட்டும் ஐயத்துக்குரியன என்று தெரிந்தால் பிள்ளையின் மனத்தில் கோர்சாக் சிறுத்துப்போக மாட்டார்.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். எல்லாரும் பரிந்துரைப்பதாலேயே அது சரியாகப் படிக்கப்படுவதில்லை. 1942 சூலையில் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழத் தொடங்கிய பதின்மூன்று வயதுச் சிறுமி தனக்கென எழுதியது அது. 1944 மார்ச்சு மாதம், இலண்டனிலிருந்து வந்த வானொலி உரையில், மக்கள் தம் நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் போருக்குப்பின் வெளியிடப் பேணிவைக்குமாறு டச்சு அமைச்சர் ஒருவர் கேட்டுக்கொண்டார். அதனைச் செவியுற்ற ஆன், தன் குறிப்புகளைத் தாள்தாளாகத் திருத்தி மீண்டும் எழுதலானாள். நீக்கினாள், சேர்த்தாள், மாந்தர்க்கு மாற்றுப்பெயர் சூட்டினாள். போருக்குப்பின் உயிரோடு மீண்ட தந்தை இரு வடிவங்களையும் இணைத்து 1947இல் பதிப்பித்தார். ஆக, நாம் படிப்பது ஒரு குழந்தையின் தற்செயலான கிறுக்கலன்று. எழுத்தாளர் ஆகவேண்டும் என்று உறுதி பூண்டவள் செப்பம் செய்த நூல். எழுதுவதில் ஆர்வமுள்ள மாணவருக்கு இச்செய்தி ஒன்றே போதும், நூலை வேறு கண்ணால் பார்க்க.

ஆனால் இந்நூலுக்குள் ஒரு வெற்றிடம் உண்டு. கடைசிக் குறிப்பு 1944 ஆகஸ்ட் 1ஆம் நாளுக்குரியது; ஆகஸ்ட் 4ஆம் நாள் அனைவரும் பிடிபட்டனர்; 1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில் ஆனும் அவள் தமக்கையும் உயிரிழந்தனர். கொடுமை தொடங்கும் இடத்தில் நூல் நின்றுவிடுகின்றது. மனிதரின் நல்லியல்பில் நம்பிக்கை தெரிவிக்கும் ஒரு வரியைப் பெயர்த்தெடுத்துச் சுவரொட்டியில் அச்சிடுவது வழக்கமாகிவிட்டது. அவ்வரி, பிடிபடுவதற்கு மூன்று வாரத்துக்கும் குறைவான காலத்துக்கு முன் எழுதியது; அதே பத்தியில் நெருங்கிவரும் இடிமுழக்கத்தைப் பற்றியும் அவள் எழுதியிருக்கின்றாள். எஞ்சியதை ஆசிரியர்தாம் கூறவேண்டும். பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்நூலைத் தந்துவிட்டு வாளாவிருத்தல் தகாது.

இனி இரண்டாம் வினா. கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர் என்று பிள்ளை மனப்பாடம் செய்கின்றது. இழந்தது என்ன என்று அது எவ்வாறு அறியும்? ஆதலால், பேரழிவு பற்றிய நூலுக்கு முன்பாக, அழிவே இல்லாத நூல் ஒன்றைத் தரவேண்டும் என்பேன். சிட்னி டெய்லர் 1951இல் எழுதிய ‘ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி’, நியூயார்க்கில் 1912ஆம் ஆண்டளவில் வாழ்ந்த ஐந்து சகோதரியரின் கதை. தந்தை பழைய பொருள் வாங்கி விற்பவர். நூலகத்தில் இரவல் வாங்கிய புத்தகத்தை ஒருத்தி தொலைத்துவிட, சிறுகச் சிறுகக் காசு செலுத்தலாம் என்று நூலகர் இசைகின்றார். கதை அங்கே தொடங்குகின்றது. ஓய்வுநாள் விளக்கு, விழாக்கால உணவு, தாய் பிள்ளைகளை வீடு துடைக்க வைக்கும் உபாயம் எல்லாம் உண்டு. தீபாவளிக்கு முன் வீடு கழுவும் பிள்ளைக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

இத்திஷ் மொழியில் எழுதி 1978இல் நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷெவிஸ் சிங்கர், 1966இல் ‘ஸ்லாட்டே என்னும் ஆடு’ என்ற சிறுவர் கதைத்தொகுப்பைத் தந்தார். அதில் கெல்ம் என்னும் ஊரின் மூடப் பெரியோர் வருகின்றனர். ஒரு விழா இரவில் பெய்த பனி நிலவொளியில் மின்ன, அதனை வெள்ளியும் வயிரமும் என்று எண்ணுகின்றனர். ஊரார் காலடி பட்டு அச்செல்வம் பாழாகலாகாது. வீடுவீடாகச் சென்று எச்சரிக்க ஒரு பையனை அனுப்பவேண்டும். அவன் காலே மிதித்துவிட்டால்? அவனை மேசைமேல் ஏற்றி நால்வரைத் தூக்கிச் செல்லச் செய்கின்றனர். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் சீடர் ஐவரையும் அறிந்த தமிழ் மாணவர் இங்கே வாய்விட்டுச் சிரிப்பர். இரண்டையும் ஒருசேரப் படிப்பித்தல் நன்று. போர்களாலும் கொடுமைகளாலும் வளரும் வாய்ப்பை இழந்த குழந்தைகளுக்கு இத்தொகுப்பை ஆசிரியர் உரித்தாக்கியுள்ளார். அந்த உரித்துரையைக் கதை முடிந்தபின் காட்டுங்கள். முன்னே காட்ட வேண்டா.

இரண்டுக்கும் இடைப்பட்டது ஜூடித் கெர் 1971இல் வெளியிட்ட ‘வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்’. 1933இல் ஒன்பது வயதில் குடும்பத்தோடு பெர்லினை விட்டு வெளியேறியவர். தம் வாழ்வையே சற்று மாற்றிக் கதையாக்கினார். ஒரு பொம்மைக்குமட்டும் பெட்டியில் இடம். சிறுமி புதிய நாய்ப்பொம்மையை எடுத்துக்கொண்டு பழைய முயலை விட்டுச் செல்கின்றாள். நூலில் கொலை இல்லை. சுவிட்சர்லாந்து, பாரிஸ், இலண்டன் எனப் புலம்பெயரும் வழியில், புரியாத மொழி வழங்கும் வகுப்பில் ஒரு குழந்தை அமர்ந்திருக்கும் நிலையும், ஒருநாள் திடீரென அம்மொழி தானே வாயில் வரும் வியப்பும் உண்டு. பன்மொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, பத்து வயதுக்கு மேல், இதனினும் பொருத்தமான நூலைக் காண்பது அரிது.

பதினைந்து, பதினாறு வயதினர்க்கு எலி வீசலின் ‘நைட்’ உண்டு. இத்திஷ் மொழியில் 1956இல் வெளிவந்த மிக நீண்ட நூலைச் சுருக்கி 1958இல் பிரெஞ்சு வடிவம் தந்தார். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ என்னும் சித்திர நூலில் யூதர் எலிகளாகவும் ஜெர்மானியர் பூனைகளாகவும் வரையப்பட்டுள்ளனர்; 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. மகன் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர, தந்தை தாம் பட்டதைக் கூறுகின்றார். அந்த நேர்காணலே கதையின் பாதி. ‘இதனை எவ்வாறு அறிந்தார்’ என்னும் வினாவுக்கு விடை பக்கந்தோறும் வரையப்பட்டிருக்கின்றது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துப் பள்ளி வாரியம் ஒன்று 2022இல் சில வசைச்சொற்களையும் ஓர் உருவப்படத்தையும் காரணங்காட்டி இதனைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. கொலையைப் படிக்கலாம், வசையைப் படிக்கலாகாது என்னும் அந்த அளவுகோல் எனக்கு விளங்கவில்லை.

இவை ஆங்கில வழியே கிடைப்பவை. தமிழில் எடுத்துரைக்கும்போது சொல் தேர்வில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். ‘ஹோலோகாஸ்ட்’ என்பது முழுமையாய் எரித்துப் படைக்கும் பலியைக் குறித்த கிரேக்கச் சொல்லினின்று வந்தது. தமிழ் விவிலியம் ‘சர்வாங்க தகனபலி’ என்னும் அதுவே. கொலையைப் பலி என்பது தகாது என்று கருதும் யூதர் பலர் ‘ஷோவா’, அதாவது பேரழிவு, என்ற எபிரேயச் சொல்லை விரும்புவர். ஆகவே ‘பேரழிப்பு’ என்றோ ‘இனப்படுகொலை’ என்றோ எழுதுவது பொருந்தும். ‘பலியாயினர்’ என்னும் செய்தித்தாள் வழக்கு பொருந்தாது. ‘முகாமில் மாண்டனர்’ என்று எழுதும்போது கொன்றவர் தொடரிலிருந்து நழுவிவிடுகின்றார். யூதர் என்பது ஒரு மக்களையும் சமயத்தையும் குறிக்கும், எபிரேயம் மொழி, இஸ்ரேலியர் என்பது குடியுரிமை, அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர், சியோனியம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அரசியல் இயக்கம். இவற்றை ஒன்றாகக் குழப்பும் நூல் எத்தரப்பைச் சார்ந்ததாயினும் வகுப்புக்கு உதவாது. ‘அவர்’, ‘அவன்’ என்பவற்றையும் எண்ணிப் பாருங்கள்: ஹிட்லருக்கு ‘அவர்’, முகாமில் அடைபட்ட கிழவருக்கு ‘அவன்’ என்று எழுதிச்செல்லும் நூல், தான் அறியாமலே ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகின்றது. 2018இல் இந்தியப் பதிப்பகம் ஒன்று சிறுவர்க்கென வெளியிட்ட தலைவர்கள் பற்றிய நூலின் அட்டையில் காந்தி, மண்டேலா ஆகியோரோடு ஹிட்லரும் இடம்பெற்றுக் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அங்கே நிகழ்ந்தது அறியாமலே வழங்கப்பட்ட தீர்ப்பும் அன்று.

நம் ஊரிலும் ஒரு வாழ்க்கை வரலாறு காத்திருக்கின்றது. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சர் டேவிட் மார்ஷல் 1908இல் இங்குப் பிறந்தவர். பாக்தாத் வழிவந்த யூதக் குடும்பத்தினர். சப்பானியரிடம் போர்க்கைதியாகி ஹொக்கைடோவில் உழைத்தவர், வழக்கறிஞர். 1955 ஏப்ரல் முதல் 1956 சூன் வரை அவர் பதவியிலிருந்த காலத்தில் வெளிவந்த அனைத்துக்கட்சிக் குழு அறிக்கைதான், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிவழிப் பள்ளிகளையும் ஒரு நிலையில் வைத்து நடத்தப் பரிந்துரைத்தது. தமிழ் மாணவருக்கு இச்செய்தி வெறும் ஆண்டுக் கணக்கன்று. கேரளத்தில் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் சேரமன்னர் பாஸ்கர இரவி யூத வணிகர்தலைவர் யோசேப்பு இரப்பானுக்கு அளித்த வட்டெழுத்துச் செப்பேட்டையும் இதனோடு சேர்த்துக் காட்டலாம். விவிலியத்தில் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் தமிழ்த் ‘தோகை’யிலிருந்து சென்றது என்று ஆசிரியர் பலர் பெருமிதத்தோடு கூறுவர், அதனையும் ‘என்பர்’ சேர்த்தே கூறுக.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878இல் கட்டிய மகாயின் அபோத் யூதத் தொழுகைக்கூடம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. அதே தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் உள்ளன. மார்ஷல் பற்றிப் படித்த வகுப்பை அங்கே அழைத்துச் செல்லலாம். முன்கூட்டியே எழுதி இசைவு பெறவேண்டும். சனிக்கிழமை ஓய்வுநாளாதலால் வேறொரு நாளைத் தெரிக.